ஆழத்தின் மேல்நுனி

மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியை எட்டிவிட்டது என்னும் செய்தி பத்திரிகைகளில் வெளியாகும் நாளில் காவிரிப் படுகை உழவர்களுக்கு உண்டாகும் ஆறுதலை அறியாதவர் தமிழ்நாட்டில் அநேகமாக இருக்கமாட்டார்கள். ஆனால் அந்த 120 அடி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்டால், விடை சொல்லத் தயங்காதவர் மிகச் சிலரே. அணையின் உயரம் 214 அடி என்று பாடப்புத்தகம் கூறுகிறது. அணை நிறையும்போது நீர் நிற்கும் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 790 அடி என்று பொறியியலாளரின் ஏடு கூறுகிறது. பத்திரிகையோ 120 என்கிறது. இம்மூன்றும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. முதலாவது எண், அஸ்திவாரத்தையும் உட்படுத்திய கட்டடத்தின் உயரம். இரண்டாவது, நெடுந்தொலைவிலுள்ள கடலை ஆதாரமாகக் கொண்டு எண்ணப்பட்டது. மூன்றாவது, கடல்மட்டத்துக்கு மேல் 670 அடியில் அமைந்த ஒரு மட்டத்தைப் பூஜ்யமாக வைத்து, அதற்கு மேல் நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளவுகோலில் படித்துச் சொல்வது.

ஆகவே 120 அடி என்பது, படகில் சென்று நீரில் கல்லைக் கட்டி இறக்கினால் கயிறு எவ்வளவு நனையும் என்பதற்கு விடையன்று. அணையின் அடியில் அவ்வாறு இறக்குபவருக்குக் கிடைக்கும் விடை ஒன்று. ஒகேனக்கல் பக்கமாகச் செல்லச் செல்ல, நிலம் மேலேறி நீர் மெலிய, கிடைக்கும் விடை வேறு. நீர்த்தேக்கம் முழுவதும் ஆயிரமாயிரம் ஆழங்கள் இருக்க, அவற்றுக்கெல்லாம் பிரதிநிதியாக ஒரே ஓர் எண்ணை நாம் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அந்த எண்ணின் ஒவ்வோர் அடியும் சமமான நீரைக் குறிப்பதும் இல்லை. நிறைந்த நிலையில் தேக்கத்தின் பரப்பு ஏறத்தாழ 59 சதுர மைல்; எனவே மேலேயுள்ள கடைசி ஓர் அடியில் மட்டும் ஒன்றரை டி.எம்.சி.க்கும் அதிகமான நீர் அடங்கும். அடியிலே கிடக்கும் ஓர் அடியில் அதன் சிறு பின்னமே அடங்கும். அன்றியும், 1934-இல் அணை கட்டி முடிந்த காலம் முதல் வெள்ளம்தோறும் வந்து படியும் வண்டலைப் பற்றி அளவுகோலுக்கு எதுவும் தெரியாது. தேக்கத்தின் அடி உயர்ந்துகொண்டே வரினும் கோலிலே எழுதிய 120 என்னும் குறி அசையாது. 93.47 டி.எம்.சி. என்று நாம் மனப்பாடமாகச் சொல்லிவரும் கொள்ளளவும், அணை பிறந்த நாளின் கணக்கேயன்றி இன்றைய கணக்கன்று.

நீரின் ஆழத்தைப் பற்றிப் பேசும்போது, அடியைக் கண்டுபிடிப்பதே கடினம் என்றும், மேற்பரப்பு கண்ணுக்கெதிரே கிடப்பதால் அதைப் பற்றிக் கேள்வியே எழாது என்றும் நினைப்பது இயல்பு. உண்மை நிலை பெரும்பாலும் தலைகீழானது என்பதே இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம். அடியைத் தேடும் வேலை கருவிகளைப் பொறுத்தது. கருவிகள் காலப்போக்கில் திருந்தின. மேல்நுனியை எங்கே வைப்பது என்பதோ கருவிகளால் தீராத கேள்வி. மனிதர் கூடிப் பேசி, இன்ன காரியத்துக்கு இன்ன மட்டம் என்று நிர்ணயித்துக்கொள்ள வேண்டிய விஷயம். முல்லைப் பெரியாற்றில் 136 அடிக்கும் 142 அடிக்கும் இடைப்பட்ட ஆறே அடியைக் குறித்து இரண்டு மாநிலங்கள் பல்லாண்டுகள் வழக்காடி, 2014-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 142 என்று தீர்ப்பளிக்கும் வரை நின்றதை நினைத்தால், இந்த நிர்ணயத்தின் கனம் விளங்கும். கெய்ரோ நகரத்து ரோடா தீவில் 861-ஆம் ஆண்டில் கட்டப்பட்ட நைல் நதியின் அளவுத் தூணும் இத்தகையதே: நதி எத்தனை முழம் ஏறிற்று என்று தூணில் பார்த்தவர்கள், அவ்வாண்டின் விளைச்சலையும் அதன்மேல் விதிக்கத்தக்க வரியையும் அதிலிருந்தே உத்தேசித்தார்கள்.

மேல்நுனி மிகவும் தொல்லை தருவது கடலில். ஏற்றவற்றத்தால் கடலின் மேற்பரப்பு நாளொன்றுக்குப் பெரும்பாலான கரைகளில் இருமுறை உயர்ந்து இருமுறை தாழ்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களை ஒட்டி அதிகமாகவும், அஷ்டமி நாட்களை ஒட்டிக் குறைவாகவும் அசைகிறது. இத்தகைய பரப்பிலிருந்து ஒரு பாறையின் ஆழத்தை அளந்து வரைபடத்தில் எழுதுவதாயின், எந்த நேரத்துக் கடலிலிருந்து எழுதுவது? சராசரி மட்டத்திலிருந்து எழுதலாமே என்று தோன்றும். ஆனால் சராசரியை நம்பி வந்த மாலுமிக்கு, கடல் சராசரிக்குக் கீழே இறங்கியிருக்கும் நேரமெல்லாம் அபாயம். ஆகையால் கடல்வரைபடம் வரைவோர், நீர் சாதாரணமாக அதற்குக் கீழே இறங்காது என்று சொல்லத்தக்க ஒரு தாழ்ந்த மட்டத்தைத் தேர்ந்து, அதையே பூஜ்யமாகக் கொள்கிறார்கள். வரைபடத்தில் 4 மீட்டர் என்று கண்டால், அங்கே சாதாரணமாக நான்கு மீட்டராவது இருக்கும், பெரும்பாலும் அதற்கு மேலும் இருக்கும் என்று பொருள்.

இந்தத் தாழ்ந்த மட்டத்தை நிர்ணயிப்பதில் இந்தியக் கடற்கரைக்குச் சரித்திரத்தில் ஒரு தனியிடம் உண்டு. பரிணாமக் கொள்கையால் பெயர்பெற்ற சார்லஸ் டார்வினின் புதல்வர் ஜார்ஜ் டார்வின், ஏற்றவற்றங்களின் கணிதத்தில் தம் காலத்தில் தலைசிறந்தவர். அவர் இந்தியத் துறைமுகங்களின் ஏற்றவற்றங்களை ஆராய்ந்தபோது வகுத்ததே ‘இந்தியப் பெருவற்ற மட்டம்’ என்று சொல்லத்தக்க அளவு. கடலின் அசைவைச் சந்திரன், சூரியன் ஆகியவற்றின் இழுப்பால் உண்டாகும் பல தனித்தனி அலைகளின் கூட்டாகப் பிரித்து, அவற்றுள் முதன்மையான நான்கை, அதாவது அரைநாளைக்கு ஒருமுறை வரும் சந்திர அலை, அவ்வாறே வரும் சூரிய அலை, நாளுக்கு ஒருமுறை வரும் இரண்டு அலைகள் ஆகியவற்றின் வீச்சுக்களை எடுத்துக் கூட்டி, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து அத்தொகையைக் கழித்தால் வருவது அம்மட்டம். நான்கும் ஒரே வேளையில் தாழ்ந்து சேர்வது அரிது. அந்த அரிய வேளையையே பூஜ்யமாக வைத்ததில் மாலுமியின் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது. பிற்காலத்தில், சந்திரனின் பாதை ஒரு சுற்று முடித்துவர ஆகும் பதினெட்டரை ஆண்டுக்கு மேற்பட்ட காலத்தையும் கணக்கில் கொண்டு, வானியல் காரணங்களால் மட்டும் கடல் இறங்கக்கூடிய மிகத் தாழ்ந்த மட்டத்தைக் கணித்து அதையே பூஜ்யமாக வைக்கும் முறை பல நாடுகளில் வழக்குக்கு வந்தது. அமெரிக்கரோ, நாள்தோறும் வரும் இரண்டு வற்றங்களில் தாழ்ந்ததை எடுத்து அவற்றின் சராசரியைப் பூஜ்யமாகக் கொள்கிறார்கள். அவர்களுடைய கடல் சில நாட்களில் வரைபடத்துக்குக் கீழே இறங்குவதை அறிந்தே அவ்வாறு செய்கிறார்கள்.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதன்று. சென்னைத் துறைமுகத்தில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே அமாவாசை, பௌர்ணமி நாட்களிலும் ஏறத்தாழ ஒரு மீட்டரே வேறுபாடு. காம்பே வளைகுடாவிலுள்ள பவநகரில் அது பத்து மீட்டரை எட்டுகிறது. வரைபடத்தில் 2 மீட்டர் என்று குறித்த இடத்தில் சென்னைக் கடலின் உயர்ந்த ஆழம் மூன்று மீட்டர் என்றால், பவநகரில் பன்னிரண்டு. அங்கே, வற்றத்தில் வெயில் காயும் சேற்றுமேடுகளின் மீது ஏற்றத்தில் கப்பல்கள் மிதந்து செல்லும். அத்தகைய இடங்களை வரைபடத்தில் அடிக்கோடிட்ட எண்களால் குறிப்பது வழக்கம். அவை பூஜ்யத்துக்கு மேலே நிற்கும் நிலத்தின் உயரங்கள், அதாவது எதிர்மறை ஆழங்கள். அதே வரைபடத்தில் பாலமொன்று வந்தால், அதன் அடியில் கப்பலின் பாய்மரம் நுழைவதற்கான இடைவெளியை உயர்ந்த நீர்மட்டத்திலிருந்து எண்ணுவார்கள். கீழே உள்ளதைத் தாழ்ந்த நீரிலிருந்தும் மேலே உள்ளதைப் பெருகிய நீரிலிருந்தும் அளந்து, இரண்டு பக்கமும் மாலுமிக்குப் பாதகமான நிலையையே எழுதிவைக்கும் இந்தச் சந்தேகப் பிராணித்தனம், பிழைத்து வந்தவர்களின் அனுபவத்தில் விளைந்தது.

நிலத்தை அளப்போரின் பூஜ்யம் வேறு. இரயில் நிலையப் பலகைகளில் ஊர்ப்பெயருக்குக் கீழே எழுதியிருக்கும் உயரத்துக்கு ஆதாரம் சராசரிக் கடல்மட்டம். அதைக் கராச்சி முதல் கடற்கரை நெடுகிலும் அமைந்த ஒன்பது துறைமுகங்களின் ஏற்றவற்றப் பதிவுகளைக் கொண்டு இந்திய நில அளவைத் துறை நிர்ணயித்தது. அவற்றுள் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு. ஆகவே ஒரு துறைமுகத்தில் கரையேறும் படிக்கட்டைக் கட்டும் பொறியியலாளருக்கும், அதன் கீழே கப்பலை நிறுத்தும் மாலுமிக்கும், இடையே ஒரு கழித்தல் கணக்கு எப்போதும் குறுக்கே நிற்கிறது. அதைச் செய்ய மறந்தால் தரை தட்டும்.

சராசரிக் கடல்மட்டமாவது உலகெங்கும் சமமாகக் கிடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. பூமியின் உட்பொருள் எங்கும் ஒரே செறிவாக இல்லாமையால் ஈர்ப்பும் இடத்துக்கிடம் வேறுபடுகிறது. அதற்கேற்பக் கடலின் பரப்பு மேடும் பள்ளமுமாக நிற்கிறது. இப்பள்ளங்களில் மிகப் பெரியது நமக்கு அண்மையிலேயே, இலங்கைக்குத் தெற்கே இந்து மகாசமுத்திரத்தில் இருக்கிறது. பூமியைச் சீரான நீள்வட்ட உருண்டையாகக் கணித்துக்கொண்டால், அந்த உருண்டையின் பரப்புக்குச் சற்றொப்ப 106 மீட்டர் கீழே அங்கே கடல் நிற்கிறது. செயற்கைக்கோள்களைக் கொண்டு இடமறியும் கருவி, திருத்தம் ஏதும் செய்யாத நிலையில், சென்னைக் கடற்கரையில் நிற்பவரையே பூஜ்யத்துக்கு எண்பது மீட்டருக்கும் கீழே நிற்பவராகக் காட்டும். இக்காலத்து ஆழ அளவையாளர்கள் தம் படகின் உயரத்தை இக்கருவியால் அறிந்து, பின்னர் அதை ஏற்றவற்றப் பூஜ்யத்துக்கு மாற்றிக்கொள்கிறார்கள். கடலின் மேல்நுனி இப்போது கடலைப் பாராமலே நிர்ணயிக்கப்படுகிறது.

இனிக் கீழ்நுனிக்கு வருவோம். ஈயக்குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, நனைந்த கயிற்றைக் கைகளை விரித்து அளப்பது உலகத்து மாலுமிகள் அனைவருக்கும் பொதுவான முறை. ஆங்கிலேயர் அந்த அளவை ஆறடியாக வரையறுத்தனர். நம் கடற்கரையில் அதற்குப் பாகம் என்று பெயர். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்கள் பெரும்பாலும் ஐந்து முதல் பத்துப் பாக ஆழத்தில் கிடந்தவை. கல்லைப் பற்றிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவர்களுக்கு ஆழம் என்பது கயிற்றின் நீளமாகவும் மூச்சின் நீளமாகவும் ஒருங்கே இருந்தது. கப்பற்காரர்கள் குண்டின் அடிக்குழியில் கொழுப்பைத் தடவி இறக்குவார்கள். அதில் ஒட்டிவரும் மணலோ சேறோ சிப்பித்தூளோ, தாம் எங்கே இருக்கிறோம் என்பதை ஆழத்தைக் காட்டிலும் தெளிவாக அவர்களுக்குச் சொல்லும்.

கரையோரத்தில் நன்கு பயன்பட்ட இந்த யுக்தி நடுச்சமுத்திரத்தில் ஏமாற்றியது. 1852-இல் ‘ஹெரால்டு’ என்னும் ஆங்கிலக் கப்பலின் தலைவர் டென்ஹாம், தென் அட்லாண்டிக்கில் ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகக் கயிற்றை விட்டு, 7,706 பாகம் ஆழம் என்று அறிவித்தார். அந்தப் பகுதியின் மெய்யான ஆழம் அதில் பாதியைக்கூட எட்டாது. குண்டு எப்பொழுதோ தரையில் அமர்ந்துவிட்டது. கயிற்றின் சொந்தக் கனமும் கடலடி நீரோட்டமும் அதற்குப் பிறகும் கயிற்றை இழுத்துக்கொண்டே போயின. மூன்று மைல் கயிற்றின் மறுமுனையில் குண்டு தரையைத் தொடும் அதிர்வு கப்பலில் நிற்பவர் கைக்கு எட்டாது என்பதே அதன் சூட்சுமம். பின்னர் வந்தவர்கள், ஒவ்வொரு நூறு பாகக் கயிறும் ஓடி முடிய ஆகும் நேரத்தைக் கடிகாரத்தால் குறித்துவந்து, அந்த நேரம் திடீரென்று நீளும் இடத்தையே தரை என்று கொண்டார்கள். கையின் உணர்வை விட்டுக் கணக்கை நம்பிய இந்த மாற்றம் சிறியதாகத் தோன்றினும், ஆழ்கடல் ஆராய்ச்சி உண்மையில் தொடங்கியது இங்கேதான்.

1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றிய ‘சாலஞ்சர்’ கப்பல், 1875 மார்ச் 23-ஆம் நாள் பசிபிக்கில் குவாம் தீவுக்கு அருகே 4,475 பாகத்தை அளந்தது. இன்று உலகத்திலேயே மிக ஆழமான பகுதி என்று கருதப்படுவது அதன் அண்டையிலேயே உள்ளது; கப்பலின் பெயரையே தாங்கி நிற்கிறது. அதே காலத்தில் வில்லியம் தாம்ஸன், பிற்காலத்து கெல்வின் பிரபு, பருத்த கயிற்றுக்குப் பதிலாகப் பியானோக் கம்பியைப் பயன்படுத்தி வேலையை விரைவுபடுத்தினார். ஓடும் கப்பலிலிருந்தே அளப்பதற்காக அவர் செய்த மற்றொரு கருவி இன்னும் நயமானது: மேல்முனை அடைத்த கண்ணாடிக் குழாயின் உட்புறம் நிறம் மாறும் இரசாயனப் பூச்சு ஒன்றைத் தடவிக் கீழே அனுப்பினால், அழுத்தம் மிகுவதற்கேற்பக் கடல்நீர் குழாயினுள் ஏறிப் பூச்சை மாற்றும், கம்பி எவ்வளவு சாய்ந்து சென்றாலும், மாறிய நிறத்தின் எல்லை ஆழத்தைச் சொல்லிவிடும். இங்கே நீளத்தின் இடத்தை அழுத்தம் பிடித்துக்கொள்கிறது. மூழ்குவோர் மணிக்கட்டில் அணியும் இக்காலத்துக் கருவியும் இவ்வகையைச் சேர்ந்ததே. சுமார் பத்து மீட்டர் கடல்நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்னும் கணக்கில் அது இயங்குகிறது. ஆனால் நீரின் செறிவு உப்பாலும் குளிராலும் அழுத்தத்தாலும் மாறுவதால், அழுத்தம் தரும் ஆழம் திருத்தத்துக்கு உட்பட்டது. 1960 ஜனவரி 23-இல் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் ‘ட்ரியெஸ்ட்’ என்னும் ஆழ்கடல் ஊர்தியில் சாலஞ்சர் பள்ளத்தின் தரையில் இறங்கியபோது முதலில் அறிவிக்கப்பட்ட ஆழம் 37,800 அடி. திருத்தங்களுக்குப் பின் அது ஏறக்குறைய 35,800 ஆகக் குறைந்தது. தரையில் உட்கார்ந்து வந்தவர்களின் ஆழமே இரண்டாயிரம் அடி அசைந்தது.

எதிரொலியால் அளக்கும் முறை இவை யாவற்றையும் பின்தள்ளியது. நான்காண்டுப் பிரயாணத்தில் ‘சாலஞ்சர்’ செய்த ஆழ்கடல் அளவீடுகள் ஐந்நூற்றுக்கும் குறைவு. 1925 முதல் 1927 வரை அட்லாண்டிக்கில் திரிந்த ‘மீட்டியார்’ என்னும் ஜெர்மானியக் கப்பல், ஒலியைக் கீழே அனுப்பித் திரும்பி வர ஆகும் காலத்தைக் குறித்து, அறுபதினாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகளைச் செய்தது. சாலஞ்சர் பள்ளத்துக்கு ஒலி போய்வர ஏறத்தாழ 14 வினாடிகளே ஆகும். எனினும், கடலில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,500 மீட்டர் என்பது தோராயமே. வெப்பமும் உப்பும் அழுத்தமும் அதை மாற்றும். அந்த வேகத்தில் நூற்றுக்கு ஒரு பங்கு பிழைத்தாலும் அப்பள்ளத்தின் ஆழத்தில் நூறு மீட்டர் பிழைக்கும். ஆக, காலத்தை அளந்து, வேகத்தை ஊகித்து, ஆழத்தைக் கணிக்கிறோம். இதன்மேல், கருவி படகின் அடியில் எவ்வளவு தாழ்வாகப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதையும் அலையில் படகு எழுந்து தாழ்வதையும் கூட்டிக் கழிக்கவேண்டும்.

கருவி திருந்திய பிறகு, தரை எது என்பதே கேள்வியாயிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர், மெய்யான கடலடிக்கு வெகுமேலே, சில நூறு மீட்டர் ஆழத்தில், ஒலியைத் திருப்பும் மற்றொரு ‘தரையை’க் கண்டார்கள். அது இரவில் மேலெழுந்தது, விடியற்காலையில் கீழிறங்கியது. உணவு தேடி இரவில் மேலேறும் சிறு மீன்களும் பிற உயிரினங்களும் கோடிக்கணக்கில் திரண்ட படலமே அது என்று பின்னர் தெளிந்தது. இதைவிடவும் நடைமுறைக்கு நெருங்கிய விசித்திரம் சேற்றுத் துறைமுகங்களில் நிகழ்கிறது. அங்கே நீர் படிப்படியாகத் தடித்துக் குழம்பாகி, குழம்பு தடித்துச் சேறாகி, சேறு இறுகித் தரையாகிறது. நீர் எங்கே முடிந்தது என்று கோடு கிழிக்க இடமில்லை. உயர்ந்த அதிர்வெண் ஒலி குழம்பின் மேற்பரப்பிலேயே திரும்பிவிடும். தாழ்ந்தது அதை ஊடுருவி உள்ளே சென்று திரும்பும். ஒரே படகிலுள்ள இரு கருவிகள் இரண்டு ஆழங்களைக் கூறும். ரோட்டர்டாம் துறைமுகத்தார் இதைத் துணிவோடு தீர்த்துக்கொண்டார்கள்: நீரைக் காட்டிலும் 1.2 மடங்கு செறிவை எட்டும் இடமே கப்பலுக்குத் தரை. அதற்கு மேலுள்ள குழம்பு, பார்வைக்குச் சேறாயினும், கணக்கில் நீரே. கப்பல்கள் அதனைக் கிழித்துக்கொண்டு செல்கின்றன. தூர்வாரும் செலவிலும் பெருந்தொகை மிஞ்சுகிறது. மேல்நுனியைப் போலவே கீழ்நுனியும் இங்கே உடன்படிக்கைப் பொருளாகிவிட்டது.

கிணற்றின் ஆழத்தைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. கிணறு எத்தனை உறை ஆழம் என்பது வேறு. அதில் நீர் எவ்வளவு நிற்கிறது என்பது வேறு. நீரைத் தொட எவ்வளவு இறங்கவேண்டும் என்பது இன்னும் வேறு. நிலத்தடி நீர்த்துறையினர் ஆண்டுக்கு நான்கு முறை அளப்பது மூன்றாவதையே. கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழித்து, நிலமட்டத்திலிருந்து எண்ணுவார்கள்; அந்தச் சுவரை ஊரார் இடையிலே உயர்த்திக் கட்டிவிட்டால், கழிக்கும் எண்ணை மாற்றாதவரின் ஏட்டில் நீர் திடீரென்று தாழ்ந்துவிடும்.

எங்கும் நில்லாத ஓர் ஆழமும் உண்டு. மழை 10 சென்டிமீட்டர் பெய்தது என்றால், அத்தனை உயரம் எங்கும் நீர் நின்றது என்பதன்று. ஓடாமலும் ஊறாமலும் ஆவியாகாமலும் இருந்திருந்தால் நின்றிருக்கும் என்பதே. கௌடில்யரின் அர்த்த சாஸ்திரம், களஞ்சியத்தின் முன்னே ஒரு முழம் வாயகன்ற பாத்திரத்தை வைத்து மழையைத் துரோணக் கணக்கில் அளக்கச் சொல்கிறது. அங்கே மழை தானியத்தைப் போலக் கொள்ளளவால் அறியப்பட்டது. நம் கிராமத்து உழவர் ‘ஓர் உழவு மழை’ என்று சொல்லும்போது, மண் எவ்வளவு ஆழம் நனைந்தது என்பதைக் கலப்பையின் கொழுவினால் அளந்து சொல்கிறார். மூன்று கணக்கிலும் அவருடையதே விதைப்புக்கு நேராக உதவுவது என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். பாசனப் பொறியியலாளர்கள் நெற்பயிருக்கு விதைப்பிலிருந்து அறுவடை வரை தேவையான நீரை ஏறத்தாழ 120 சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதுவதும் இத்தகைய கற்பனை ஆழமே. ஒரு நாளும் வயலில் அவ்வளவு நீர் நிற்பதில்லை. ஆனால் ஏக்கரைக் கொண்டு அதைப் பெருக்கினால், மதகில் திறந்துவிட வேண்டிய நீரின் அளவு உடனே கைக்கு வந்துவிடுகிறது. ஏக்கருக்கு ஓர் அங்குலம் என்பது சற்றொப்ப ஒரு லட்சத்து மூவாயிரம் லிட்டர்.

வயலில் நிற்கும் நீரையும் அண்மைக் காலத்தில் புதிய விதமாக அளக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று வேளாண்மைத் துறையினர் பரப்பிவரும் முறையில், பக்கமெல்லாம் துளையிட்ட ஒரு குழாயை வயலில் புதைத்து, உள்ளேயுள்ள மண்ணை அகற்றிவிடுகிறார்கள். வயலின் மேற்பரப்பே இங்கே பூஜ்யம். அதற்கு மேலே ஐந்து சென்டிமீட்டர் வரை நீர் கட்டிவிட்டு, அது மறைந்து, மண்ணுக்குள்ளே பதினைந்து சென்டிமீட்டர் தாழும் வரை காத்திருந்து, அப்புறமே மறுபடி பாய்ச்சுகிறார்கள். கண்ணுக்கு வயல் வறண்டு வெடிப்பு விடத் தொடங்கியிருக்கும். குழாயினுள் எட்டிப் பார்த்தால் வேருக்கு எட்டும் ஆழத்தில் நீர் நின்றுகொண்டிருக்கும். கதிர் பூக்கும் காலத்துக்கு ஒரு வாரம் முன்னும் ஒரு வாரம் பின்னும் மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அந்நாட்களில் நீர் பூஜ்யத்துக்குக் கீழே இறங்கவே கூடாதென்று விதித்திருக்கிறார்கள்.